தூரிகை எழுத்தில் நானூறு சொற்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜப்பானிய வகுப்பில் சேர்ந்த ஒன்பது பேருக்கும் கம்பெனி ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறது. அன்றன்று கற்றதை எழுதி வைத்தால் மனதில் நிற்குமாம். நாற்பத்து மூன்று வயதில் எனக்குக் கற்பதைவிட மறப்பதுதான் நன்றாக வருகிறது. அதை எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

விஷயம் இதுதான். பிரேக் பாகங்களை அளக்க ஜனவரியில் ஒரு புது மெஷின் வருகிறது. அதைப் பழகிக்கொள்ள எங்கள் குவாலிட்டி பிரிவிலிருந்து ஒருவரைப் பதினோரு மாதம் ஜப்பானில் உள்ள தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். நவம்பர் 22 அன்று மொழித் தேர்வு. முதல் மார்க் எடுப்பவருக்கு விமானம். மற்ற எட்டுப் பேருக்கும் சான்றிதழ்.

பதினேழு வருடத்தில் மூன்று முறை என் பெயர் இப்படி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறது. பெயர் மட்டும்தான் போயிற்று. ஒருமுறை போனவருக்கு மாலை வாங்கிவரும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். நல்ல மாலையாகத்தான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வகுப்பு கேன்டீனுக்கு மேல்மாடியில். செவ்வாய், வியாழன், ஷிப்ட் முடிந்ததும். மறுநாள் சாம்பாருக்கு வறுக்கும் வாசனையோடு ஜப்பான் எங்களுக்கு அறிமுகமாகிறது.

ஆசிரியை கிரிஜா. ஒசாகாவில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். நாங்கள் 'சென்செய்' என்று அழைக்க வேண்டும். எழுத்துகளை நண்பர்களாக நினையுங்கள் என்றார். 'ஷி' என்று ஒரு எழுத்து, 'த்சு' என்று ஒரு எழுத்து. இரண்டுமே இரண்டு புள்ளி வைத்துச் சிரிக்கிற ஒரே முகம். ஒன்று லேசாகத் தலையைச் சாய்த்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இப்படி நண்பர்கள் வாய்த்ததில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் டெஸ்ட். ஐம்பதுக்கு எனக்கு 29. ரெக்ஸ்லின் மேரிக்கு 48.

ரெக்ஸ்லின் என் பிரிவில் கேஜ் வைத்துப் பாகங்களைச் சோதிக்கிற பெண். இருபத்தாறு வயது, தெற்கே கருங்கல் பக்கம் ஊர். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் சரியென்று கையெழுத்துப் போட்ட பெட்டியிலிருந்து பழுதான பாகத்தை எடுத்து, "சார், இத ஒருக்கா பாக்குதியளா" என்று மிக மரியாதையாக நீட்டுவாள். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. பிரிவின் பெருமை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பெருமைப்படுகிறேன்.

சுகந்தியிடம் மார்க்கைச் சொன்னேன். உங்கள் வயதுக்கு இருபத்தொன்பது பெரிசு என்றாள். ஆறுதல் சொல்வதில் என் மனைவிக்கு நிகரில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்க ஆள் வரவில்லை.

போனில் ஒரு கட்டுரை படித்தேன். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஒரே பாடத்தை இரண்டு எழுத்துருவில் கொடுத்தார்களாம். படிக்கச் சிரமமான எழுத்துருவில் படித்தவர்களுக்கு அதிகம் நினைவில் நின்றதாம். மூளை மல்லுக்கட்டிப் படிப்பதால் மறப்பதில்லை என்று விளக்கம். கடைசிப் பத்தியில், பிறகு வேறு சிலர் இதையே செய்து பார்த்தபோது அப்படியெல்லாம் எதுவும் வரவில்லை என்று சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

குவாலிட்டி ஆளாச்சே, நானே சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

சோதனை முடிவு. மூன்று எழுத்துருவில் இருபது இருபது சொற்கள்.

மிஞ்சோ: கோட்டின் முனையில் சின்னப் பாதம் வைத்த அச்செழுத்து. மெஷினின் கையேடு இதில்தான் இருக்கிறது, தேர்வுத்தாளும் இதில்தான் வரும். பதினைந்து நினைவிருந்தது.

கோத்திக்: எல்லாக் கோடும் ஒரே தடிமன், அறிவிப்புப் பலகை மாதிரி. பதினான்கு.

தூரிகை: மையில் பிரஷ் தோய்த்து அவசரமாக இழுத்தது போல் இருக்கும். ஆறு. அந்த ஆறிலும் மூன்றை மிஞ்சோவில் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. நான் மனப்பாடம் செய்தது சொல்லை அல்ல, அதன் முகத்தை. முகம் மாறினால் ஆள் யாரோ ஆகிவிடுகிறது.

ஆகவே தூரிகையில் படிப்பது வீண். வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. சந்தேகமறத் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரெக்ஸ்லினிடம் கம்ப்யூட்டர் இல்லை. விடுதியில் ஆறு பேர் ஒரு அறையாம். என்னிடம் இருக்கிற, தேர்வுக்கான நானூறு சொற்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். இளையவர்களுக்கு உதவுவது நம் கடமை. சம்மதித்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நானூறு சொற்களையும் அட்டையில் அடித்து, அளவாக வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். தூரிகை எழுத்துருவில். கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். சிரமப்பட்டுப் படித்தால் மறக்காது என்று பல்கலைக்கழகமே சொல்கிறது என்றேன். கடைசிப் பத்தியைச் சொல்ல நேரமில்லை. அவளுக்கு பஸ் போய்விடும்.

"எனக்காக இவ்வளவு யாரும் மெனக்கெட்டதில்ல சார்" என்றாள்.

மெனக்கெட்டது உண்மைதான். நானூறு அட்டை வெட்டுவது சும்மாவா. வலது கட்டைவிரலில் கொப்புளம்.

செப்டம்பர் 4, வியாழன்

குழாய் அடைப்பு சரியாயிற்று. கொப்புளம் உடைந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவது டெஸ்ட். எனக்கு 36. ரெக்ஸ்லினுக்கு 31.

சென்செய் குழம்பிப் போனார். வாயால் கேட்டால் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்கிறாள். தாளில் பார்த்தால் நின்றுவிடுகிறாள். பயமாக இருக்கும் என்று நான் கருத்துத் தெரிவித்தேன்.

சுகந்தி கேசரி செய்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒருத்தரை முந்தியிருப்பதாக என் மாமியாருக்கு போன் போட்டுச் சொன்னாள். இரண்டாவது கரண்டி வேண்டாமென்றேன். நெய் கொஞ்சம் தூக்கல்.

செப்டம்பர் 25, வியாழன்

ரெக்ஸ்லின் நேற்று லீவு. கண்ணாஸ்பத்திரிக்குப் போனாளாம். அச்சில் எழுத்துகள் நகர்வது போலத் தெரிகிறது, பார்வையில் கோளாறோ என்று சந்தேகப்பட்டிருக்கிறாள். கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி அரைநாள் உட்காரவைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "கண்ணுல கொறை ஒண்ணும் இல்லியாம் சார். அப்பம் எனக்க மண்டைக்குத்தான் கொறை. ராவும் பகலும் படிச்சிட்டும் கேறமாட்டேங்கு."

விடாமல் அந்த அட்டைகளையே படி என்று சொல்லத் தெரிந்தது எனக்கு. வேறென்ன சொல்வது? டீ ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கேஜுக்கெல்லாம் சந்தனம் வைத்து, நான் அளக்கும் மேஜையில் பொரி கொட்டி, ஒருநாளாவது அந்த மேஜை உருப்படியான வேலை பார்த்தது.

மேனேஜர் பாலமுரளி சுண்டல் தின்றுகொண்டே ஒரு விஷயம் சொன்னார். டிசம்பர் 31-ஓடு காண்ட்ராக்ட் ஆட்கள் பன்னிரண்டு பேரை நிறுத்தப் போகிறார்கள். ரெக்ஸ்லினும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். ஜப்பான் போகிறவரை மட்டும் பர்மனென்ட் ஆக்கித்தான் அனுப்புவார்கள், அதனால் அவள் பரீட்சையில் ஜெயித்தால் பிழைத்தாள் என்றார். அவளுக்கும் அது தெரியுமாம். ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டாராம்.

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அட்டைகளைக் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்த வரியை எழுதி ஒரு மணி நேரம் ஆகிறது. இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன், உண்மையா என்று தெரியாததால்.

அக்டோபர் 3, வெள்ளி

ரெக்ஸ்லினிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஆடிட் வேலை.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லவில்லை. மழை.

அக்டோபர் 9, வியாழன்

சொல்லவில்லை. இன்று ஆடிட்டும் இல்லை, மழையும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தலைமைத் தொழிற்சாலையிலிருந்து மொரிட்டா-சான் ('சான்' என்றால் நம் 'சார்' மாதிரி) வந்திருக்கிறார். அறுபதை நெருங்கும், அதிகம் பேசாத மனிதர். வகுப்பைப் பார்வையிட வந்தவர், மார்க்கரை எடுத்துப் பலகையில் நான்கு வரி எழுதிவிட்டு, வகுப்பில் முதல் மார்க் வாங்குபவரைப் படிக்கச் சொன்னார். செப்டம்பர் டெஸ்டுக்குப் பிறகு அந்த மேதை நான்தான்.

எழுந்து நின்றேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. 'கி' என்ற எழுத்தின் கீழ்வளைவு அச்சில் மேல்கோட்டோடு ஒட்டியிருக்கும். அவர் எழுதியதில் அது தனியே கழன்று நின்றது. 'சா'வும் அப்படியே. மற்றவையெல்லாம் ஒன்றின் காலை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கேன்டீனில் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பின் வரிசையிலிருந்து ரெக்ஸ்லின் மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். நான்கு வரியையும் படித்துவிட்டு, தான் படித்ததை நம்பாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

எப்படிப் படித்தாய் என்று சென்செய் கேட்டார். அவள் பையிலிருந்து அட்டைக்கட்டை எடுத்து நீட்டினாள். தணிகைவேல் சார் அடித்துத் தந்தது என்று பெருமையோடு சொன்னாள். சென்செய் மூன்று நான்கு அட்டைகளைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அட்டைகளைப் பார்த்தார். மொரிட்டா-சான் கைதட்டினார். எனக்கும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 16, வியாழன்

வகுப்பு முடிந்ததும் சென்செய் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். நான் எதில் படிக்கிறேன் என்று கேட்டார். என் அட்டைகளைக் காட்டினேன். பாதம் வைத்த சுத்தமான மிஞ்சோ.

அவர் கோபப்படவில்லை. ஒரு கதை சொன்னார். ஒசாகாவிலிருந்து திரும்பியபோது அவருடைய மகளுக்குப் பத்து வயதாம். இங்கே பழைய புத்தகமொன்றில் யானைத் துதிக்கை போட்ட 'லை'யைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டாளாம். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளை. புது 'லை'யை மட்டுமே பார்த்திருந்ததால் பழசு கண்ணில் ஏறவில்லை. பழகின முகம்தான் ஞாபகத்தில் இருக்கும், அதனால் மாணவர்களுக்கு எப்போதும் இரண்டு மூன்று முகமாவது காட்ட வேண்டும் என்றார்.

நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். பல்கலைக்கழகம், மூளை, மல்லுக்கட்டு எல்லாம்.

"நானும் அதப் படிச்சிருக்கேன்" என்றார். "கடைசிப் பத்தி வரைக்கும் படிச்சீங்களா?"

இல்லை என்றேன்.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. படித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சுகந்தி எனக்கு நீலத்தில் ஒரு சட்டை எடுத்திருந்தாள். விமானத்தில் போட்டுக்கொள்ளவாம். கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்றேன். இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வகுப்புக்கு அரைமணி முன்னால் வரச் சொல்லி, என் மிஞ்சோ அட்டைகளின் பிரதியை மேஜையில் வைத்தேன். தேர்வுத்தாள் இந்த எழுத்தில்தான் வரும், இதில்தான் நான் படிக்கிறேன், உனக்குக் கொடுத்தது தப்பான எழுத்து என்றேன். தெளிவாகச் சொல்ல ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். ஆனாலும் 'தவறுதலாக' என்கிற வார்த்தை எங்கிருந்தோ வந்து நடுவில் நுழைந்துவிட்டது.

அவள் அதைத்தான் பிடித்தாள். "தவறுதலாவா சார்? இல்ல, தெரிஞ்சிட்டுத்தான் தந்தியளா?"

தெரிந்துதான் என்றேன்.

நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். திட்டவில்லை. புது அட்டைகளை எடுத்துப் பையில் வைத்தாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போன கதையை உங்களிடம்தான் முதலில் சொன்னேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு கீழே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, வகுப்பு முழுவதும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

வேலையில் என்னிடம் பேசுகிறாள். கேஜ் நம்பர், பெட்டி நம்பர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழுதான பாகம் கிடைத்தால் நீட்டுவதில்லை. என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

மரியாதையைத் தாங்க முடியவில்லை என்று ஒருகாலத்தில் குறைப்பட்டவன் நான்.

நவம்பர் 13, வியாழன்

கடைசி மாதிரித் தேர்வு. நூற்றுக்கு எனக்கு 80, ரெக்ஸ்லினுக்கு 72. மூன்று வாரத்தில் நானூறு சொல்லுக்கும் புது முகம் பழக வேண்டுமென்றால் அப்படித்தான் ஆகும். நானூறையும் அவள் இரண்டு முறை கற்கிறாள். ஒருமுறை என்னால்.

நவம்பர் 22, சனி

தேர்வு எழுதினேன். நன்றாக எழுதினேன். அதுதான் கஷ்டம்.

நவம்பர் 28, வெள்ளி

முடிவு. எனக்கு 84. ரெக்ஸ்லினுக்கு 81.

எல்லாரும் கை குலுக்கினார்கள். ரெக்ஸ்லின் குலுக்கவில்லை. அவள் தன் மேஜைக்குப் போய்க் கேஜைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்து வைத்திருந்த கேஜ்.

வீட்டில் திருவிழா. சுகந்தி பெட்டி வாங்க வேண்டும், கம்பளி வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டாள். பதினேழு வருடமாக என்னைவிட அவள்தான் இதற்குக் காத்திருந்திருக்கிறாள். அதை இதுவரை நான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கட்டுரை, தூரிகை, மிஞ்சோ, ஏழு வாரம் அவள் வீணாகப் படித்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். இந்த மூன்று மார்க் வித்தியாசம் நான் திருடியது என்றேன்.

பாலமுரளி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஃபாண்ட் மாத்திக் குடுத்ததுக்கெல்லாம் ஒருத்தர் வந்து மன்னிப்பு கேக்குறத இப்பதான் பாக்குறேன். நீங்க ரொம்ப நல்ல மனுசன் தணிகைவேல். போயி பாஸ்போர்ட்ட ரெடி பண்ணுங்க."

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அயோக்கியத்தனம் செய்தேன். அதை நிரூபிக்கக்கூட எனக்குத் தகுதி போதவில்லை. வெளியே வரும்போது நல்ல மனுசன் என்கிற பெயரோடு வந்தேன்.

டிசம்பர் 3, புதன்

வேறு வழி பார்த்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பயிற்சிக்குச் செல்ல இயலாத நிலையில் உள்ளேன்' என்று ஒரு கடிதம். உண்மையை அரைமணி நேரம் சொல்லியும் நம்பாத அலுவலகம், இந்தப் பொய்யை ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு சீல் அடித்தது. என்ன சூழ்நிலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த மார்க் ரெக்ஸ்லினுடையது.

மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை. சீல் விழுந்ததும், கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று வராந்தாவில் இரண்டு முறை நடந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

சுகந்திக்கு யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குள் நுழையும்போது கம்பளிகள் கட்டிலில் மடித்தபடி இருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"குடும்பச் சூழ்நிலையா? நம்ம குடும்பத்துல எனக்குத் தெரியாம அப்படி என்ன சூழ்நிலை?"

சொன்னேன். மேனேஜரிடம் சொன்னதைவிட நீளமாக. இவள் சிரிக்கவில்லை. செப்டம்பர் டெஸ்டுக்கு நான் கேசரி கிண்டினேனே, அதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நாலு மாசமா நீங்க தோக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது."

டிசம்பர் 7, ஞாயிறு

சுகந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று கம்பளிகளைத் திருப்பிக் கொடுக்க நான் கடைக்குப் போகும்போது, வண்டியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

வகுப்பு முடிந்துவிட்டது. சென்செய் விடைபெற்றார். எனக்குக் கைகூப்பும்போது, கடைசிப் பத்தியைப் படிக்காதவர்கள் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை என்றார். பாராட்டா, குத்தலா என்று வீடு வரும்வரை யோசித்தேன். இரண்டும்தான்.

ஜனவரி 9, வெள்ளி

ரெக்ஸ்லின் இன்று கிளம்பினாள். கம்பெனி வாசலில் வேன் நின்றது. பிரிவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த முறை மாலை வாங்க என்னை அனுப்பவில்லை. நானாகவும் வாங்கவில்லை. அவளுக்கு மாலை போட எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

கடைசியாக என்னிடம் வந்தாள். நான் நல்லபடியாகப் போய்வா என்றோ, உடம்பைப் பார்த்துக்கொள் என்றோ ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க விட்டுத் தந்ததுக்கு நன்றி சொல்லமாட்டேன் சார். அந்த மார்க்கு எனக்க மார்க்காக்கும்."

ஆமாம் என்றேன்.

"ஒங்கள மன்னிக்கவும் இல்ல. மன்னிக்க மனசு வருமான்னும் தெரியல்ல." பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "மெஷின் விசயமா அங்க இருந்து போன் போடுவேன். இங்கத்த அளவுகள் ஒங்களுக்குத்தான் சரியாத் தெரியும். எடுக்கணும். கேட்டத முழுசாச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

அவள் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் கதவைச் சாத்தினார். ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது, நான் உள்ளே போனேன்.